பேய்க்கும் ஒரு பேர் வேண்டும்

மார்ச் கணக்கு முடிப்பு, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த ஆடிட், எல்லாம் ஓய்ந்து நிமிர்ந்தால் மே மாதம். மே மாதம் வந்தால் அந்தமானில் நம்மவர்கள் எல்லோர் வீட்டிலும் ஒன்றுதான் நடக்கும். ஊரிலிருந்து விருந்தாளி! எங்கள் வீட்டுக்கு இந்த முறை திருச்சியிலிருந்து அக்கா, அத்தான், அவர்கள் பையன். பையன் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு வந்திருந்தான்.

ஏர்போர்ட்டிலிருந்து ஜங்லிகாட் அதிக தூரம் இல்லை. அந்தக் கொஞ்ச தூரத்துக்குள், ஆட்டோவிலேயே கேட்டுவிட்டான்.

"மாமா, செல்லுலார் ஜெயிலுக்கு நைட்ல போக முடியுமா? அங்க பேய் இருக்காமே!"

செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்திருக்கிறான். இருட்டில் ஒரு காமிரா, பச்சை வெளிச்சம், யாரோ முனகுகிற சத்தம். ஜெயிலில் ஒரு பேய், ராஸ் தீவில் வெள்ளைக்காரப் பெண் பேய், வைப்பர் தீவில் தூக்கில் தொங்கியவன் பேய் என்று லிஸ்ட்டே வைத்திருந்தான். "இதுக்குன்னே தனியா டூர் எதுவும் கூட்டிட்டுப் போறாங்களா மாப்ளே?" என்று அத்தானும் சேர்ந்துகொண்டார். தங்கமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'இவரை ஆரம்பிச்சு விட்டுட்டீங்களே' என்று அதற்கு அர்த்தம் :-)

ஆமாம், ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் பாதிதான் பேச விட்டார்கள். மீதி இங்கே.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய்க்கதைக்கு எதிரி இல்லை. எங்கள் அப்பத்தா சொல்லாத பேய் கிடையாது. தோட்டத்துப் புளியமரத்தில் ஒன்று, அதற்குப் பின்னால் கிணற்றடியில் ஒன்று. அந்தப் பயத்தில் பேரப்பிள்ளைகள் ஒருவரும் விளக்கு வைத்த பிறகு அந்தப் பக்கம் போகமாட்டோம். பெரியவனான பிறகுதான் கவனித்தேன், அந்தக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. பேய் பொய், கிணறு நிஜம். நல்ல பேய்க்கதை என்றால் அதற்கு அடியில் ஒரு நிஜம் இருக்கும்.

உலகம் முழுக்க இது ஒரு வியாபாரமாகவும் இருக்கிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் கெட்டிஸ்பர்க் என்று ஒரு சின்ன ஊர். 1863 ஜூலை 1 முதல் 3 வரை அங்கே நடந்த சண்டையில் செத்தவர், காயம்பட்டவர், பிடிபட்டவர், காணாமல் போனவர் எல்லாம் சேர்த்துச் சுமார் 51,000 பேர். இன்று அந்த ஊரில் இருட்டியதும் கையில் விளக்கோடு பேய் பார்க்கக் கூட்டிப் போகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் நம்மவர்களில் சிலர் பிள்ளைகளோடு போயிருப்பீர்கள். ஆனால் அதே ஊரில் பகலில் போய்ப் பாருங்கள். 1,300க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள். எந்தப் படைப்பிரிவு எந்த மேட்டில் நின்றது என்பது வரை கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். பகல் கணக்கை அவ்வளவு ஒழுங்காக எழுதி வைத்தவன் ராத்திரியில் கொஞ்சம் விளையாடினால் மன்னித்துவிடலாம். நாம் இன்னும் பகல் கணக்கையே சரியாக எழுதவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

"இங்கே என்ன போரா நடந்தது?" என்று அத்தான் கேட்டார். நடந்தது. நாம் இருக்கும் இந்த ஊரும் ஒரு போர்க்களம்தான்.

1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சிப்பாய்க் கலகக் கைதிகள் 200 பேரோடு வந்து இறங்கினார். அடுத்த சில மாதங்களுக்குள் தப்பி ஓடிப் பிடிபட்டவர்களில் 80க்கும் மேற்பட்டவர்களை ஒரே நாளில் தூக்கில் போட்டார். கைதிகளை வைத்துக் காட்டை வெட்ட வெட்ட, அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்களான கிரேட் அந்தமானியர்களுக்கு நிலம் சுருங்கியது. 1859 மே மாதம் அவர்கள் வில்லும் அம்புமாகத் திரண்டு அபர்தீன் மீது படையெடுத்து வந்தார்கள். அவர்களோடு ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்ட தூத்நாத் திவாரி என்ற தப்பியோடிய கைதி, முன்கூட்டியே ஓடிவந்து வெள்ளைக்காரர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவருக்கு மன்னிப்பும் விடுதலையும் கிடைத்தன. வில் வைத்திருந்தவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது.

அபர்தீன் என்பது நாம் துணி எடுக்கப் போகிற அபர்தீன் பஜார்தான், வேறெங்கோ இல்லை. அந்தப் போருக்கான நினைவுச் சின்னம் வாட்டர் ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸில் நிற்கிறது. ராஸ் தீவுக்குப் படகு ஏறுகிற அதே இடம். விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நானே எத்தனை தடவை டிக்கெட் அவசரத்தில் அதைக் கடந்து போயிருக்கிறேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சரி, ராஸ் தீவுக்கு வருவோம். (2018 டிசம்பரிலிருந்து அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. போர்ட் பிளேயரும் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். வாய் பழகத்தான் மாட்டேன் என்கிறது.) 1941 நிலநடுக்கம் வரை வெள்ளைக்காரர்களின் தலைநகரம் அந்தத் தீவுதான். இடிந்த சர்ச், கட்டடங்களை வேரால் கட்டிப்பிடித்திருக்கும் மரங்கள், நடுவே மேய்கிற மான்கள். பேய் வராவிட்டால்தான் ஆச்சரியம், அப்படி ஒரு இடம். அங்கே ஒரு கைடு எங்கள் பையனைப் பிடித்துக்கொண்டார். பௌர்ணமி ராத்திரியில் ஒரு மேம்சாகிப் சர்ச் வாசலில் நின்று அழுவார் என்றார்.

பையன் கேட்டான், "அந்த அம்மா பேர் என்ன அங்கிள்?"

"அதெல்லாம் யாருக்குத் தம்பி தெரியும்?"

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அந்தத் தீவைக் கட்டியவர்கள் கைதிகள். கல் சுமந்தவர்கள், காடு வெட்டியவர்கள், காய்ச்சலில் செத்தவர்கள் அவர்கள். ஆனால் கதையில் அழுவதற்கு மட்டும் ஒரு மேம்சாகிப். செத்த பிறகும் வேலை ஒருவனுக்கு, பேர் இன்னொருவருக்கா? சரி, அந்த மேம்சாகிபுக்காவது பேர் உண்டா என்றால் அதுவும் இல்லை.

ஜெயில் கதையில் இதைவிட மோசம். அறையில் அடைத்து, செக்கில் மாடு போலப் பூட்டி எண்ணெய் ஆட்டச் சொல்லி, அடித்துக் கொன்றது யார்? வெள்ளைக்கார அரசாங்கம். பேய்க்கதையில் நம்மைப் பயமுறுத்துவது யார்? செத்த கைதி! அடித்தவன் கதையிலேயே இல்லை. அடிபட்டவன் கோரமான முகத்தோடு ராத்திரியில் வந்து நம் பிள்ளைகளை மிரட்டுகிறான். பி.காம் முதல் வருஷம் படித்தவனுக்குக்கூடத் தெரியும், பற்று வைக்க வேண்டிய இடத்தில் வரவு வைத்தால் அது தவறு இல்லை, மோசடி.

அந்த ஜெயிலில் செத்தவர்களுக்குப் பேர் இல்லையா? இருக்கிறது. 1912-ல் தன் அறையிலேயே தூக்குப் போட்டுக்கொண்டவர் இந்து பூஷண் ராய். 1933 மே மாத உண்ணாவிரதத்தில், வலுக்கட்டாயமாகக் குழாய் வழியே பால் ஊற்றியதில் செத்தவர்கள் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா. இதில் மகாவீர் சிங், பகத் சிங்கோடு லாகூர் வழக்கில் தண்டிக்கப்பட்டவர். ஜெயிலின் நடுக் கோபுரத்தில் மாகாணவாரியாகக் கைதிகளின் பேர்களைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பேய் தேடி வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பார்கள். நின்று படிக்கிறவர் குறைவு.

வைப்பர் தீவும் அப்படித்தான். பேரைக் கேட்டதும் விஷப்பாம்பு என்று கதை கட்டுகிறார்கள். அது பிளேயர் துரை வந்த கப்பலின் பேர் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அங்கே மேட்டின் மேல் இருக்கும் தூக்குமேடையில் 1872 மார்ச் 11 அன்று தூக்கிலிடப்பட்டவர் ஷேர் அலி அஃப்ரிதி. அதற்கு ஒரு மாதம் முன்பு, பிப்ரவரி 8 அன்று, இந்தியாவின் வைஸ்ராய் மேயோ பிரபுவை இதே ஊரின் ஹோப்டவுன் படகுத்துறையில் கத்தியால் குத்திக் கொன்றவர். அவர் வீரரா கொலைகாரரா என்று நீங்கள் சண்டை போடுங்கள், நல்லதுதான். 'தூக்கில் தொங்கியவன் பேய்' என்று சொல்லிவிட்டால் அந்தச் சண்டை போடக்கூட வழியில்லை.

அப்புறம் ஜப்பான்காரன் காலம். 1942 மார்ச் 23 முதல் 1945 அக்டோபர் வரை. இந்த மூன்றரை வருஷத்தை நம் ஆட்கள் நேதாஜி வந்து கொடியேற்றிய 1943 டிசம்பர் 30-ஓடு முடித்துவிடுவார்கள். சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேரை உளவாளிகள் என்று சொல்லிச் சுட்டுக் கொன்றார்கள். அதே மாதம்தான் டாக்டர் திவான் சிங் செல்லுலார் ஜெயிலில் சித்திரவதையில் செத்தார். 1945 ஆகஸ்டில் சாப்பாட்டுப் பஞ்சம். விவசாயம் செய்யக் கூட்டிப் போகிறோம் என்று நூற்றுக்கணக்கானவர்களைக் கப்பலில் ஏற்றி, ஹேவ்லாக் பக்கம் கடலில் தள்ளிவிட்டார்கள். இன்று தேனிலவுக்குப் போகிற ஹேவ்லாக்தான். இதற்குப் பச்சை வெளிச்சம், முனகல் சத்தம் எல்லாம் எதற்கு? சாதாரணக் குரலில் சொன்னாலே ராத்திரி தூக்கம் வராது.

நம் முன்னோர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடப் புத்திசாலிகள் என்று தோன்றுகிறது. அநியாயமாகச் செத்தவர் சும்மா இருக்கமாட்டார் என்று அவர்களும் நம்பினார்கள். அதற்கு அவர்கள் என்ன செய்தார்கள்? சண்டையில் செத்தவனுக்கு நடுகல் வைத்தார்கள், பேரை வெட்டினார்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரை வீரன் இன்று ஊர் ஊருக்குக் காவல் தெய்வம். வஞ்சகத்தால் செத்த பெண் தெற்கே இசக்கியம்மன். பேர் வைத்து, பொங்கல் வைத்து, கொலை செய்தவன் யார் என்பதையும் வில்லுப்பாட்டில் விடிய விடியச் சொன்னார்கள். பேய் என்று பயந்ததைச் சாமி ஆக்கியது அந்தப் பேர்தான். இப்போதைய வீடியோக்காரர்கள் அதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பேர் இருந்தவரைப் பேர் இல்லாத பேயாக்கி விற்கிறார்கள்.

ஜப்பானிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2011 சுனாமியில் இஷினோமாகி என்ற ஊர் அழிந்தது. பிறகு அந்த ஊர் டாக்ஸி டிரைவர்களிடம் ஒரு பல்கலைக்கழக மாணவி பேட்டி எடுத்தார். சில டிரைவர்கள், வண்டியில் ஏறி, அழிந்துபோன இடத்துக்குப் போகச் சொல்லி, வழியில் காணாமல் போன பயணிகளைப் பற்றிச் சொன்னார்கள். மீட்டர் போட்டாகிவிட்டது, ஆள் இல்லை. அந்தக் காசை டிரைவர்களே கையிலிருந்து கட்டியிருக்கிறார்கள். அவர்கள் அதைப் பயத்தோடு சொல்லவில்லை, இன்னொரு தடவை வந்தாலும் ஏற்றிக்கொள்வோம் என்கிற மாதிரிச் சொன்னார்கள். பேய் நிஜமா பொய்யா என்பது எனக்கு முக்கியம் இல்லை. வராக்கடன் என்று தெரிந்தும் தன் கைக்காசைக் கட்டினார்களே, அதுதான் மரியாதை.

சுனாமி என்றதும் எனக்கு ஒரு அம்மா ஞாபகம் வருகிறார். அடையாளம் எதுவும் சொல்லமாட்டேன். இலங்கையிலிருந்து சாஸ்திரி–சிரிமாவோ ஒப்பந்தப்படி தாயகம் திரும்பி, கச்சால் தீவு ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட குடும்பங்களில் ஒன்று. 2004 டிசம்பர் 26 அன்று கச்சாலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதில் அவருடைய மகனும் ஒருவர். உடல் கிடைக்கவில்லை. மகனின் சேமிப்புக் கணக்கில் இவர்தான் நாமினி. நான் முதல் முறை இங்கே மாற்றலாகி வந்தபோது, 2012-ல், அந்தக் கணக்கு செயல்படாத கணக்குகளின் பட்டியலில் கிடந்தது. பல வருஷம் காணாமல் போனவரை இறந்தவராகக் கருதச் சட்டத்தில் வழி உண்டு. சுனாமிக்காகத் தனி நடைமுறையும் இருந்தது. நான் படிவத்தை நிரப்பி வைத்துக்கொண்டு கூப்பிட்டு அனுப்பினேன். வந்தார், கேட்டார், பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இதுல கையெழுத்துப் போட்டா, அவன் செத்துட்டான்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்ல சார்?"

அவர் போடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. அதற்கப்புறமும் எப்போதாவது வந்து, பாஸ்புக்கில் வட்டி பதிந்துகொண்டு போவார். மகன் பேர் அச்சடித்திருக்கும் முதல் பக்கத்தை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடுவார். அவ்வளவுதான்.

எனக்கு அன்றிலிருந்து பேய் என்றால் இதுதான். செத்தார் என்று எழுத உடல் இல்லை, இருக்கிறார் என்று எழுத ஆள் இல்லை. கணக்கு மூடவில்லை. மிச்சம் இருப்பது பேர் மட்டும். 1945-ல் கடலில் தள்ளப்பட்டவர்களின் வீட்டிலும் இப்படி ஒரு அம்மா இருந்திருப்பார். அந்த அம்மாவிடம் போய் "உங்க பிள்ளை பேயா வர்றானாமே, டூர் எவ்வளவு?" என்று கேட்க யாருக்காவது வாய் வருமா?

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க முடியாது. அபர்தீனில் சண்டை போட்ட கிரேட் அந்தமானியர்களைப் பற்றி. 1858-ல் சில ஆயிரம் பேர் இருந்தவர்கள். அந்தப் போரில் செத்தவர்களைவிட, வெள்ளைக்காரன் கொண்டுவந்த மேகநோயிலும் 1877-ல் பரவிய தட்டம்மையிலும் செத்தவர்கள் அதிகம். 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-ல் வெறும் 19 பேர். 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தபோது 'போ' மொழி பேசத் தெரிந்த கடைசி ஆளும் போனார். 2020 ஏப்ரலில் லிச்சோ இறந்தார், 'சாரே' மொழி அவரோடு போயிற்று. ஆனால் அவர்கள் இனம் அழிந்துவிடவில்லை. சுமார் 50 பேர் இன்றும் இருக்கிறார்கள், ஸ்ட்ரெய்ட் தீவிலும் இந்த ஊரிலும். இருக்கிறவர்களையே 'மறைந்துபோன மர்ம மனிதர்கள்' என்று வீடியோவில் பேயாக்குகிறார்கள். நம் தெருவின் பேரையே பாருங்கள். ஜங்லிகாட். 'ஜங்லி' என்றால் காட்டுமிராண்டி, காட்டுவாசி. 'காட்' என்றால் படித்துறை. யாரை அந்த வார்த்தையால் கூப்பிட்டார்கள் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? நானும் பல வருஷம் யோசிக்காமல் அந்த விலாசத்தை எழுதியவன்தான்.

கைடுகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களும் பிழைக்க வேண்டும். மக்கள் எதைக் கேட்கிறார்களோ அதைத்தான் விற்க முடியும். அதனால் நான் கேட்பது நம்மிடம்தான். விருந்தாளி வந்தால் நாம்தானே முதல் கைடு? இங்கேயே பிறந்த நம் பிள்ளைகள், நாம் சொல்வதைத்தானே நாளைக்கு அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்? தாராளமாகப் பேய்க்கதை சொல்லுங்கள். ஆனால் மூன்று கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். செத்தவர் பேர் என்ன? எந்த வருஷம்? கொன்றது யார்? மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்தக் கதையில் பேய் இருந்தாலும் பரவாயில்லை. ஜெயிலில் ஒலி ஒளிக் காட்சியில் அரசமரம்தானே கதை சொல்கிறது? மரம் பேசுவது பேய்க்கதை இல்லாமல் வேறென்ன? ஆனால் அதைக் கேட்டு யாரும் அலறி நான் பார்த்ததில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் பையனை அந்த அபர்தீன் நினைவுச் சின்னத்துக்குக் கூட்டிப் போனேன். இந்த முறை படகு டிக்கெட் எடுக்கவில்லை. ஒவ்வொரு மே 17-ம் தேதியும் அங்கே மரியாதை செலுத்துவார்கள் என்று சொன்னேன். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

"மாமா, செத்தவங்க பேரு ஒண்ணுகூட இல்லையே?"

"எழுதி வச்சவங்க யாரும் அவங்க பேரைக் கேட்கலைடா."

கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம், "தூத்நாத் பேரு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்றான். காட்டிக்கொடுத்தவன் பேர் ஆபீஸ் ஃபைலில் இருந்தது என்றேன். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை, எனக்கும் பதில் இல்லை.

உங்கள் வீட்டுக்கு அடுத்த விருந்தாளி வரும்போது ராஸ் தீவுப் படகு ஏறுவதற்கு முன் அங்கே ஒரு ஐந்து நிமிஷம் நிறுத்துங்கள். அதற்கு டிக்கெட் எதுவும் வேண்டாம்.

பி.கு.: இவ்வளவு பேசியும், பையன் கடைசி நாள் வரை ராத்திரி பாத்ரூம் போகும்போது ஹால் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் போனான். கரண்ட் பில் அத்தானுக்கு அனுப்பப்படும் :-)